பேரனுக்கு ஜேர்மன், அம்மம்மாவுக்குத் தமிழ்: நடுவில் நீங்கள் நிற்க வேண்டாம்

தங்கச்சி, வேறு பெற்றோரும் இதை வாசிப்பார்கள் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சுவிஸில், பேர்ண் பக்கம் இருக்கிறீர்கள். மகனுக்கு ஏழு வயது. கணவன் மனைவி இருவருக்கும் மாறி மாறி வேலை என்பதால் பிள்ளை ஒன்றரை வயதிலிருந்து பகல் பராமரிப்பு நிலையத்தில் வளர்ந்தான். நீங்கள் தமிழில் கேட்டால் ஜேர்மனில் பதில் சொல்வான். வருகிற ஜூலையில் ஐந்து கிழமைக்கு இலங்கைக்கு வந்து, வன்னியில், விசுவமடுவில் இருக்கிற உங்கள் அம்மாவோடு நிற்கப் போகிறீர்கள். பேரனும் அம்மம்மாவும் இதுவரை நேரில் கண்டதில்லை. போனில் அம்மா "சாப்பிட்டியா ராசா" என்று கேட்டால் அவன் உங்கள் முகத்தைப் பார்க்கிறான், பிறகு எழும்பி ஓடிவிடுகிறான். போன கிழமை அம்மா "அவனுக்கு என்னோட என்ன கதை இருக்கு" என்று சொல்லி அழுதாராம். இருவரும் ஒட்டுவார்களா, மொழிபெயர்ப்புச் செயலி உதவுமா, போக முன்னம் தமிழ் வகுப்பில் சேர்க்கவா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒட்டுவார்கள். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் முன்பள்ளி ஆசிரியர்களைப் பயிற்றும் வேலையை நீண்ட காலம் செய்தவள் நான். பள்ளி விடுமுறைக்கு வெளிநாட்டுப் பிள்ளைகள் வந்து இறங்குவதையும், அவர்கள் அம்மம்மா வீட்டு முற்றத்தில் என்ன ஆகிறார்கள் என்பதையும் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். மொழி தெரியாததால் ஒட்டாமல் போன பிள்ளையை நான் காணவில்லை. ஒட்டுவதற்கு இடம் விடப்படாத பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். அந்த இடத்தை அடைத்துக்கொண்டு நின்றவர், பெரும்பாலும் நல்ல மனதோடு மொழிபெயர்த்துக்கொண்டிருந்த தாய் அல்லது தகப்பன். ஆகவே என் பதில் இதுதான்: இருவருக்கும் சேர்ந்து செய்ய ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு நீங்கள் விலகுங்கள்.

முதலில், அவனிடம் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பாருங்கள். "ஒரு சொல் தமிழ் தெரியாது" என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. நீங்கள் தமிழில் கேட்கிறீர்கள், அவன் ஜேர்மனில் பொருத்தமான பதில் சொல்கிறான் என்றால் அவனுக்குத் தமிழ் விளங்குகிறது. வாயால் வருவதில்லை, அவ்வளவுதான். எந்த மொழியிலும் விளக்கம் முன்னுக்கு ஓடும், பேச்சு பின்னால் வரும். அமெரிக்காவில் 2002இல் வெளிவந்த ஒரு ஆய்வு, சிறு வயதில் வீட்டில் ஸ்பானிய மொழியை வெறுமனே காதில் கேட்டு வளர்ந்து, பிறகு அதைப் பேசாமலே விட்டவர்களை எடுத்துப் பார்த்தது. பெரியவர்களானபின் வகுப்பில் போய்ப் படித்தபோது, அதைக் கேட்டே இராத மற்ற மாணவர்களைவிட அவர்களின் உச்சரிப்பு நன்றாக இருந்தது. இலக்கணத்தில் அந்த வித்தியாசம் இல்லை. உங்கள் வீட்டில் நீங்களும் கணவரும் தமிழில் கதைப்பதும், சண்டை பிடிப்பதும், பாட்டுப் போடுவதும் அவனுடைய காதில் இருக்கத்தான் செய்கிறது.

சொல்லைவிடவும் முந்தியது குரல். ஆன் ஃபெர்னால்ட் என்ற ஆய்வாளர் 1993இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் பேசும் வீடுகளின் ஐந்து மாதக் குழந்தைகளுக்குப் பாராட்டும் குரலையும் தடுக்கும் குரலையும் தெரியாத மொழிகளில் கேட்கவைத்தார்கள். ஜேர்மனிலும் இத்தாலியனிலும் கேட்டபோதுகூடப் பாராட்டுக்குக் குழந்தைகளின் முகம் மலர்ந்தது, தடுப்புக்குச் சுருங்கியது. ஐந்து மாதத்துக்கே அது விளங்குமென்றால், "வாடா என்ர குஞ்சு" என்று உங்கள் அம்மா சொல்வதில் இருக்கிற அன்பு ஏழு வயதுக்கு விளங்காதா? விளங்குகிறது. அதற்குத் திருப்பி என்ன சொல்வதென்று தெரியாத கூச்சத்தில்தான் எழும்பி ஓடுகிறான்.

இப்போது மொழிபெயர்க்கும் அம்மாவின் கதைக்கு வருகிறேன். இதில்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

மாங்குளம் பக்கத்தில் ஒரு வீடு. நோர்வேயில் பிறந்த பிள்ளை, ஆறு வயதுச் சிறுமி. அப்பம்மா ஒன்றைச் சொல்வார். பிள்ளை உடனே தாயைப் பார்ப்பாள். தாய் நோர்வே மொழியில் சொல்வார். பிள்ளை தாய்க்குப் பதில் சொல்வாள். தாய் அதைத் தமிழாக்கி மாமியாருக்குச் சொல்வார். எல்லாம் ஒழுங்காக நடந்தது, ஆனால் பேத்தியும் அப்பம்மாவும் ஒருவரை ஒருவர் பார்க்கவே இல்லை. இருவரும் தாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த கிழமை தாய்க்குக் காணி அனுமதிப்பத்திரம் சம்பந்தமாகப் பிரதேச செயலகத்துக்கு அலைய வேண்டி வந்தது. பிள்ளையை வெயிலில் இழுத்துக்கொண்டு திரிய முடியாது என்று விட்டுவிட்டுப் போனார். பின்னேரம் நான் போனபோது இருவரும் திண்ணையில் முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தார்கள். பிள்ளை ஒரு கிளையை உருவி முடித்ததும் கையை நீட்டுவாள், அப்பம்மா அடுத்ததைக் கொடுப்பார். இடைக்கிடை ஒரு பழுத்த இலையைக் காட்டி அப்பம்மா தலையாட்டுவார், பிள்ளை அதை எறிவாள். அப்பம்மா தமிழிலும் பேத்தி தன் மொழியிலும் பேசிக்கொண்டேதான் இருந்தார்கள். இருவருடைய கண்ணும் ஒரே பொருளில் இருந்தது, பிறகு ஒருவர் முகத்தில் மற்றவர் கண் போய் வந்தது.

பிள்ளைகள் மொழி பிடிப்பதும் ஆளைப் பிடிப்பதும் இப்படித்தான். ஒரு பொருளை இருவரும் சேர்ந்து பார்க்க வேண்டும், இருவரும் அதைத்தான் பார்க்கிறோம் என்பது இருவருக்கும் தெரிய வேண்டும். குழந்தை வளர்ச்சி பற்றிப் படித்தவர்கள் இதைக் கூட்டுக் கவனம் என்பார்கள். மூன்றாவது ஆள் இடையில் வந்து ஒவ்வொரு சொல்லையும் மாற்றிக் கொடுத்தால் அந்தக் கவனம் முழுவதும் அந்த ஆளிடம் போய்விடும். உங்கள் மகன் புத்திசாலி. அம்மா இருக்கும்வரை அம்மம்மாவை விளங்கிக்கொள்ள அவனுக்குத் தேவை இல்லை.

அதற்காக முதல் நாளே விட்டுவிட்டுப் போகச் சொல்லவில்லை. முதல் மூன்று நாலு நாள் கூடவே இருங்கள், அவன் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில். பிறகு அரைமணி நேரம் கிணற்றடியில் உடுப்புத் தோயுங்கள். பிறகு ஒரு காலை நேரம் கடைக்குப் போய் வாருங்கள். உங்களுக்கும் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி, காணி, வங்கி என்று வேலைகள் இருக்கும்தானே. இங்கே வருகிற எல்லோருக்கும் இருக்கிறது. அவற்றை அவனை விட்டுவிட்டுப் போகும் நாட்களாக வைத்துக்கொள்ளுங்கள். வெளிக்கிட முன்னம், வயிற்று வலி, தாகம், மலசலகூடம், "அம்மாவுக்குக் கோல் எடு" என்ற நாலுக்கும் நாலு சைகைகளை இருவருக்கும் சேர்த்துப் பழக்குங்கள். அது போதும்.

கூட இருக்கும்போதும் மொழிபெயர்க்காமல் இருப்பது கஷ்டம். வாய் தானாக வரும். அவன் உங்களைத் திரும்பிப் பார்க்கும்போது நீங்கள் அம்மம்மாவைப் பாருங்கள். அவன் கண்ணும் உங்கள் கண்ணோடு அங்கே போகும்.

என்ன வேலை கொடுப்பது? விசுவமடுவில் வேலைக்குப் பஞ்சமில்லை. திருவலையில் தேங்காய் துருவுவதை அவன் பார்த்திருக்க மாட்டான். துருவ விடாதீர்கள், கை வெட்டும், ஆனால் விழுகிற பூவை அள்ளிக் கொடுக்கலாம். புட்டுக்கு மாக் குழைக்கும்போது தண்ணீர் ஊற்றுவது அவன் வேலை. "ஊத்து", "போதும்", "இன்னும் கொஞ்சம்" என்ற மூன்றும் ஒரு காலையில் பிடிபடும், ஏனென்றால் கூடினால் கூழாகிவிடும் என்பதை அவன் கண்ணால் காண்பான். கோழிக்குத் தீன் போடுவது, முட்டை எடுத்து வருவது, முற்றம் கூட்டியதும் தண்ணீர் தெளிப்பது, சுளகில் அரிசியிலே கல்லுப் பொறுக்குவது. இவற்றில் ஏதாவது இரண்டை அவனுடைய வேலையாக்கி, ஒவ்வொரு நாளும் அதே நேரத்துக்கு, அதே ஆளோடு செய்ய விடுங்கள். அதே நேரத்தில் அதே சொல் அதே கையசைவோடு வருவதுதான் அவனுக்கு உதவி. ஒவ்வொரு நாளும் புதிதாக ஒன்றைக் காட்டினால் அவனுக்கு எதுவும் பிடிபடாது.

உங்கள் அம்மா மிளகாய்த் தோட்டம் செய்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். 1970களின் தொடக்கத்தில் படித்த வாலிபர் குடியேற்றத் திட்டத்தோடு விசுவமடுவுக்குப் போன குடும்பங்களில் ஒன்று என்று நினைக்கிறேன். வெளியிலிருந்து மிளகாயும் வெங்காயமும் வருவதை அரசாங்கம் கட்டுப்படுத்தியிருந்த அந்தக் காலத்தில் அந்த மண் நல்ல விளைச்சல் கொடுத்தது. அப்படியான கைகளுக்கு ஒரு பேரனுக்குக் காட்ட நிறைய இருக்கிறது. ஒரு சாடியில் நாலு மிளகாய்க் கன்று வைத்து, தண்ணீர் ஊற்றும் பொறுப்பை அவனிடம் கொடுக்கச் சொல்லுங்கள். செத்தல் மிளகாய் காயப்போடும்போது மட்டும் அவன் கையைக் கண்ணில் வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நீங்கள் வருகிற காலமும் நல்ல காலம். ஜூலை நடுவில் ஆடிப்பிறப்பு வரும். கூழுக்கும் கொழுக்கட்டைக்கும் பிள்ளையின் கை நன்றாகவே உதவும், மா உருட்டுவதற்கு மொழி எதற்கு? பாலைப்பழக் காலம் முடிந்திருக்காவிட்டால் தெருவோரத்தில் விற்பார்கள். சாப்பிட்டபின் அதன் பால் உதட்டில் ஒட்டும், அதை எப்படி எடுப்பதென்று அம்மம்மாதான் காட்ட வேண்டும். இந்தச் சின்ன அவதிகள் நல்லவை. அவனுக்குத் தெரியாத ஒன்று அவருக்குத் தெரிகிறது, அவன் உதவி கேட்டு அவரிடம் போகிறான்.

விளையாட்டும் அப்படியே. அம்மாவிடம் கொக்கான் வெட்டத் தெரியுமா என்று கேளுங்கள். தெரியாத பெண்கள் அந்த வயதில் குறைவு. ஐந்து கல்லு, ஒரு திண்ணை. விதியைச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை, ஒருதரம் செய்து காட்டினால் பிள்ளை பிடித்துக்கொள்வான். வெற்றியும் தோல்வியும் வாய் திறக்காமலே தெரியும். தாயமும் நல்லது, எண்கள் தானாக வரும்.

இதில் பலர் விட்டுவிடுகிற ஒன்றுண்டு. பிள்ளை மட்டும் படிக்கிறவனாக இருக்கக் கூடாது. அம்மம்மாவும் அவனிடம் படிக்க வேண்டும். ஜேர்மனில் பத்து வரை எண்ணவும், காலை வணக்கமும், "கோழி" என்பதற்கு என்ன என்றும் அவன் சொல்லிக் கொடுக்கட்டும். அம்மம்மா பிழையாகச் சொல்வார், அவன் சிரிப்பான், திருத்துவான். அந்த இடத்தில் இருவரும் சமமாகிறார்கள். அதுவரை பிழை விடுகிறவன் அவன் மட்டுமாக இருந்தான். உங்கள் அம்மா "எனக்கு அதெல்லாம் வாயில வராது" என்பார். "உங்களுக்காக இல்லை அம்மா, அவன் சந்தோசப்படுவான்" என்று சொல்லிப் பாருங்கள். பேரனுக்காக என்றால் செய்வார்.

அம்மாவின் பக்கத்தையும் கொஞ்சம் யோசியுங்கள். உங்கள் கேள்வி முழுக்க மகனைப் பற்றி இருக்கிறது. வன்னியில் அந்த வயதுப் பெண்கள் எதைக் கடந்து வந்தார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2009இல் விசுவமடுவை விட்டுக் கிழக்கே நகர்ந்து, முள்ளிவாய்க்கால் வரை போய், பிறகு செட்டிகுளம் முகாம், பிறகு வெறும் காணிக்குத் திரும்பி வந்து மறுபடி தொடக்கம். உங்கள் சின்ன வயதுப் படங்கள் அவரிடம் இல்லாமல் இருக்கலாம். பேரன் உங்களைப் போலவா என்று பார்க்க அவருக்கு நினைவு மட்டும்தான் இருக்கும். உங்களிடம் ஏதாவது பழைய படம் தப்பியிருந்தால், உங்கள் உறவுகளில் யாரிடமாவது இருந்தால், ஒரு பிரதி எடுத்து மகன் கையால் கொடுக்க வையுங்கள். இருவரும் சேர்ந்து பார்க்க அதைவிட நல்ல பொருள் கிடைக்காது.

வீட்டில் மாலை போட்ட படம் ஒன்றாவது இருக்கும். அது யார், அம்மம்மா ஏன் அந்த இடத்தில் விளக்கு வைக்கிறார் என்று போக முன்னமே ஜேர்மனில், அவன் வயதுக்கு ஏற்றபடி, உண்மையாகச் சொல்லிவிடுங்கள். "மாமா போரில் செத்துப்போனார், அம்மம்மாவுக்கு அவரை நினைத்தால் அழுகை வரும், அழுதால் நீ பக்கத்தில் இருந்தால் போதும்." ஏழு வயதுக்கு இது தாங்கும். தெரியாமல் இருந்து, அம்மம்மா அழுவதைக் கண்டு, தன்னால்தான் அழுகிறார் என்று நினைத்துக்கொள்வதுதான் தாங்காது.

இன்னொன்றும் நடக்கலாம். மொழி தெரியாத பேரப்பிள்ளையிடம் சில அம்மம்மாமார் எல்லாவற்றையும் சொல்வார்கள். உங்களிடம் இத்தனை வருடமாகச் சொல்லாததை, கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் அவனிடம் சொல்லிக்கொண்டிருப்பார். உங்களிடம் சொன்னால் நீங்கள் அழுவீர்கள், கேள்வி கேட்பீர்கள், தூரத்திலிருந்து கவலைப்படுவீர்கள். அவன் கேட்டுக்கொண்டிருப்பான். கண்டால் குறுக்கே போகாதீர்கள். பிறகு அவனிடம் "என்ன சொன்னா" என்று விசாரிக்கவும் வேண்டாம். பிள்ளை பயந்து போனது தெரிந்தால் மட்டும் மெதுவாகக் கூப்பிட்டு வேறு வேலை கொடுங்கள்.

காது பற்றியும் யோசியுங்கள். போனில் அவன் சொல்வது அம்மாவுக்கு விளங்கவில்லை என்றால் முழுக் காரணமும் ஜேர்மன் இல்லை. வயது போகும்போது முதலில் குறைவது கீச்சென்ற உயர்ந்த ஒலிகளைக் கேட்கும் திறன், பிள்ளையின் குரல் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஊருக்குப் போனதும் ஒருதரம் கிளிநொச்சி மாவட்ட மருத்துவமனையில் காதையும் கண்ணையும் காட்டுங்கள். மகனிடம், அம்மம்மாவுக்கு முன்னால் வந்து நின்று, முகம் பார்த்து, மெதுவாகச் சொல் என்று பழக்குங்கள்.

சரி, ஜூலை வரை என்ன செய்வது? வீடியோ கோலை விட்டுவிடாதீர்கள், ஆனால் நடத்தும் விதத்தை மாற்றுங்கள். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பட்ரீசியா கூல் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மொழியை 12 அமர்வுகளில் கேட்க வைத்தார்கள். நேரில் ஒருவர் விளையாடிக்கொண்டே பேசியபோது குழந்தைகள் அந்த மொழியின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றார்கள். அதே ஆள் அதே விதமாகப் பேசிய காணொளியில் ஒன்றும் கற்கவில்லை. 2014இல் வேறொரு குழு இரண்டு வயதுப் பிள்ளைகளோடு வீடியோ கோலைச் சோதித்தது. அங்கே மறுபக்கத்தில் இருப்பவர் பிள்ளை செய்வதற்கு உடனுக்குடன் பதில் கொடுத்ததால் பிள்ளைகள் நேரில் போலவே புதுச் சொற்களைக் கற்றார்கள். முன்கூட்டியே எடுத்த காணொளியைப் போட்டபோது கற்கவில்லை. ஆகவே திரையில் குற்றமில்லை. மறுபக்கத்து ஆள் இவனுக்குப் பதில் கொடுக்கிறாரா என்பதுதான் விடயம்.

"சாப்பிட்டியா, என்ன சாப்பிட்டாய், பள்ளிக்கூடம் போனியா" என்பது பெரியவர்களின் கோல். பிள்ளைக்கு அது பரீட்சை. கேள்விகளை நிறுத்தச் சொல்லுங்கள். அதற்குப் பதிலாக அம்மா போனைக் கோழிக்கூட்டுப் பக்கம் சாத்தி வைத்துவிட்டுத் தீன் போடட்டும். மகன் தன் பொம்மையைக் காட்டட்டும். இருவரும் ஒரே நேரத்தில் ஒரு படம் கீறி, திரையில் தூக்கிக் காட்டலாம். பத்து நிமிடம் போதும், அவனுக்கு அலுக்க முன்னம் முடியுங்கள். கோடையில் சுவிஸ் நேரத்துக்கும் எங்கள் நேரத்துக்கும் மூன்றரை மணி வித்தியாசம். உங்கள் ஞாயிறு காலை ஒன்பது மணி அம்மாவுக்கு மதியம் பன்னிரண்டரை, சமையல் முடியாத நேரம். உங்கள் பிற்பகல் ஒரு மணி என்றால் அங்கே நாலரை, வெயில் தாழ்ந்து முற்றத்துக்கு வருகிற நேரம். முகத்தில் வெளிச்சம் விழும்படி அம்மாவை இருத்தப் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கேளுங்கள். இப்போது மகன் பார்ப்பது பெரும்பாலும் ஒரு நெற்றியும் கூரைத் தகரமுமாக இருக்கும்.

வந்து இறங்கும் நாள் பற்றி. அம்மா இத்தனை வருடம் காத்திருந்தவர், கட்டிப்பிடித்து உச்சி மோந்து கொஞ்சத்தான் பார்ப்பார். பயணக் களைப்பில், வெக்கையில், தெரியாத வாசனைகளுக்கு நடுவில் பிள்ளை பின்வாங்கலாம். அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், "அவன் தானாக வருவான், நீங்கள் இருந்த இடத்தில் இருங்கோ" என்று. இருட்டு, நாய், கிணற்றடிக் குளிப்பு, வெளியில் இருக்கிற மலசலகூடம், நுளம்பு வலை எல்லாம் அவனுக்குப் புதிது. இரண்டு நாள் யாரோடும் கதைக்காமல் இருந்தாலும் பயப்பட வேண்டாம். புது மொழிக்குள் விடப்பட்ட பிள்ளைகள் கொஞ்சக் காலம் மௌனமாக இருப்பது வழக்கம். அந்த நேரம் காது வேலை செய்துகொண்டிருக்கிறது.

உறவினர் கூட்டம்தான் எனக்குப் பெரிய கவலை. பார்க்க வருகிற ஒவ்வொருவரும் "பிள்ளைக்குத் தமிழ் தெரியாதோ?" என்று கேட்பார்கள், அவன் முன்னாலேயே. பிறகு உங்களைப் பார்த்து "நீங்கள்தானே பழக்க வேணும்" என்பார்கள். அந்தத் தொனி அவனுக்கு விளங்கும். தான் ஏதோ குறையுள்ளவன், அதனால் அம்மாவுக்குப் பேச்சு விழுகிறது என்று எடுத்துக்கொள்வான். அதன்பின் தெரிந்த நாலு சொல்லையும் வாயில் எடுக்க மாட்டான். இதில் கடுமையாக இருங்கள். "அவனுக்கு விளங்கும், ஆறுதலாக் கதைப்பான்" என்று ஒரே பதிலை எல்லோருக்கும் சொல்லிவிட்டுக் கதையை மாற்றுங்கள். "மாமிக்கு ஒரு தமிழ்ச் சொல்லுச் சொல்லு" என்று யாரும் அவனைக் காட்சிக்கு நிறுத்தவும் விடாதீர்கள். அம்மாவும் உங்கள் பக்கம் நிற்க வேண்டும், அவரிடம் இதைத் தனியாகச் சொல்லிவையுங்கள். அவர் ஒரு வார்த்தை சொன்னால் மற்றவர்கள் அடங்குவார்கள்.

பயணத் திட்டத்தையும் பார்த்தேன். நல்லூர்த் திருவிழா, நயினாதீவு, திருகோணமலை, கண்டி, கடைசியில் கொழும்பில் ஐந்து நாள். ஐந்து கிழமையில் அம்மா வீட்டில் நிற்பது இரண்டு கிழமைகூட இல்லை. பாதியை வெட்டுங்கள். நல்லூருக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஒரு நாள் போய் வரலாம். கிளிநொச்சியிலிருந்து ரயில் இருக்கிறது, ஜன்னலோரம் இருவரையும் சேர்த்து இருத்துங்கள். மிச்ச நாட்கள் வளவிலேயே போகட்டும். உங்களுக்கு அலுப்பாக இருக்கும். பிள்ளைக்கு மூன்றாம் கிழமையில்தான் அந்த வீடு தன் வீடாகத் தொடங்கும், அந்த நேரத்தில் கண்டிக்கு ஏற்றிக்கொண்டு போகாதீர்கள்.

பாதுகாப்பு விடயங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வன்னியில் கண்ணிவெடி அகற்றும் வேலை இன்னும் முழுதாக முடியவில்லை. சிவப்பு மண்டையோட்டுப் பலகையை அவனுக்குப் படத்தில் காட்டுங்கள், பழகிய பாதையை விட்டுப் பற்றைக்குள் இறங்கக் கூடாது, நிலத்தில் கிடக்கும் இரும்பைத் தொடக் கூடாது என்பதை ஜேர்மனில் தெளிவாகச் சொல்லுங்கள். கிணற்றுக்குக் கட்டு இருக்கிறதா, எவ்வளவு உயரம் என்று போக முன்னம் கேளுங்கள். காட்டோரம் என்றால் பொழுதுபட்டபின் யானை வரக்கூடும். இந்த மூன்றையும் மொழிபெயர்ப்புக்கு விடாதீர்கள். நீங்கள் இல்லாத நேரம் அம்மம்மா "நில்!" என்றால் அவன் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். அந்த ஒரு சொல்லை இப்போதிருந்தே விளையாட்டாகப் பழக்குங்கள்.

செயலி பற்றி. போனில் இருக்கட்டும், அவசரத்துக்கு உதவும். ஆனால் அது பேசுவது எழுத்துத் தமிழ், உங்கள் அம்மா பேசுவது வன்னித் தமிழ். அம்மாவின் பேச்சை அது பிழையாக எடுத்தால் இருவருக்கும் குழப்பம்தான் மிஞ்சும். அதைவிட முக்கியமாக, செயலி வந்தால் இருவரும் திரையைப் பார்ப்பார்கள். உங்களை நடுவிலிருந்து விலகச் சொன்ன காரணம் அதற்கும் பொருந்தும்.

தமிழ் வகுப்பு பற்றி. சேர்க்கலாம், ஆனால் இந்தப் பயணத்துக்காகச் சேர்க்க வேண்டாம். ஜூலைக்கு முன் அ, ஆ எழுதப் பழகுவதால் அம்மம்மாவோடு கதைக்க முடியாது. சனிக்கிழமை விளையாட்டை விட்டுவிட்டு வகுப்பில் இருந்தால் அம்மம்மா என்றாலே அவனுக்கு அலுப்பு வரும். பயணம் முடிந்து வந்தபின் கேளுங்கள். அம்மம்மாவுக்குத் தன் கையால் கடிதம் எழுத வேண்டும், கன்றில் மிளகாய் காய்த்ததா என்று கேட்க வேண்டும் என்ற எண்ணம் அப்போது இருக்கும். விடுமுறை முடிந்து புதுத் தவணை தொடங்கும்போது, உங்கள் ஊரில் எந்த வகுப்பில் விளையாட்டும் பாட்டும் அதிகம் என்று விசாரித்து அங்கே விடுங்கள்.

புறப்படும் நாளுக்கும் ஒரு ஒழுங்கு வேண்டும். அடுத்த கோல் எந்த நாள், எத்தனை மணிக்கு, அதில் இருவரும் என்ன செய்யப் போகிறார்கள் என்பதை அங்கேயே, அவர்கள் இருவரையும் வைத்துப் பேசி, சுவரில் இருக்கிற கலண்டரில் அவன் கையாலேயே வட்டம் போட வையுங்கள்.